ஆள்மாறாட்டம்

ஸ்ரான்லி வீதி அச்சகத்தின் மேல்மாடியில்
மின்விசிறிக் காற்றில் பறக்காமல்
என் நாவலின் மேல் பசைப் போத்தலைத் தூக்கி வைத்துவிட்டு
அன்ரனிற்றா கேட்டாள்:
"இஞ்சை ஆர் கதைக்கிறது?"

ஆறாம் அத்தியாயம் வரை நான்.
நானே சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.
சங்கக்கடை வரிசையில் நானே நின்றேன்.
மண்ணெண்ணெய்க் கூப்பனைத் தொலைத்து
ஐயாவிடம் நானே அடி வாங்கினேன்.
ஏழில் மழை தொடங்குகிறது.
முதல் வரியிலேயே நான் எழும்பிப் போய்விடுகிறேன்.
என்னுடைய கதிரையில், என்னுடைய சாரத்தோடு
அவன் இருக்கிறான்.

"அச்சுப் பிழையோ எண்டு நினைச்சன்" என்றாள்.
"பாத்தால் பதினொரு பக்கம்.
பிழை இவ்வளவு நீளமா வராது."

உத்தி என்றேன்.
தன்மையும் படர்க்கையும் கலந்து எழுதுகிற முறை,
இப்போது பலரும் செய்கிறார்கள் என்றேன்.
வீட்டுக்குள் நிற்பவனுக்கு வீட்டின் கூரை தெரியாது,
ஒரு கட்டத்தில் கதை வெளியே வந்து
எட்ட நின்று பார்க்க வேண்டும்,
இன்னும் என்னென்னவோ சொன்னேன்.
பணிஸைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி
எல்லாவற்றையும் கேட்டாள்.
"அப்ப எட்டாம் அத்தியாயத்திலை
ஏன் திரும்பி வந்தனீங்கள்?
மழை விட்டிட்டுது எண்டோ?"

தட்டாதெருச் சந்தி வரை தூறல்.
தாள்களைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.
இரவு சிவப்புப் பேனாவோடு இருந்தேன்.
தமிழில் இது பெரிய வேலையில்லை.
ஆள் நிற்பது வினையின் வாலில்.
ஆனை வெட்டி ஏனைப் போட்டால் போதும்.
கேட்டான், கேட்டேன்.
விளக்கைத் தணித்தான், தணித்தேன்.
மூச்சை அடக்கினான்,
அடக்கினேன்.
ஏன் ஏன் என்று வரிக்கு வரி வந்து நிற்க
பக்கம் முழுவதும் யாரோ என்னை
விசாரிப்பது போல் இருந்தது.

பக்கத்து வளவுத் திலகராணி
"மாஸ்ரர், பிள்ளைக்கு இழுப்பு,
சைக்கிளை ஒருக்காத் தாங்கோ" என்று
நாலு தரம் தட்டினாள்.
அதில் மாற்ற எதுவும் இல்லை. அவள் எப்போதும் அவள்தான்.

அடுத்த வரி:
கதவைத் திறக்கவில்லை.

பேனா நின்றுவிட்டது.
வெட்ட வால் இல்லை.
நான் திறக்கவில்லை, அவன் திறக்கவில்லை,
நீங்கள், அவர்கள், அந்த ஒழுங்கை முழுவதும்
திறக்கவில்லை.
எல்லாருக்கும் ஒரே சொல்.
செய்ததற்கெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கிற மொழி
செய்யாததற்கு
ஒருவரையும் பிடித்துத் தரவில்லை.

பழைய வழி ஒன்று உண்டு. திறந்திலேன்.
எழுதிப் பார்த்தேன்.
குற்றவாளி பட்டுவேட்டி கட்டி வந்தது போல் இருந்தது.
வெட்டினேன்.

விடியுமுன் எல்லா ஏனையும்
திரும்பவும் ஆனாக்கினேன்.
விளக்கைத் தணித்தது அவன்.
மூச்சை அடக்கியது அவன்.
அந்த ஒரு வரியின் முன்னால் மட்டும்
சின்னக் கூரை போல் ஒரு குறி போட்டு
நான் என்று எழுதினேன்.

அன்ரனிற்றா நின்றபடியே வாசித்தாள்.
"அந்தப் பிள்ளை?"
தப்பியிட்டுது. தாய் தோளிலை போட்டு
ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவ.
இப்ப கனடாவிலை லொறி ஓடுறான்.
"அது நாவலிலை இல்லையே."
இல்லை.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் கதைத்தது.
பிறகு அந்த வரியில் விரலை வைத்தாள்.
"பதினொரு பக்கமும் அவன்.
இதிலை மட்டும் ஒரு நான்.
வாசிக்கிற ஆக்கள் பிழை எண்டுதான் நினைப்பினம்."

ஓம் என்றேன். பிழைதான்.

அவள் பேனாவைத் திறந்து
அந்தச் சொல்லின் கீழே
புள்ளி புள்ளியாக வைத்தாள்.
அச்சகத்தில் அதற்குப் பொருள்,
இருக்கட்டும், கை வைக்காதே.